மாதாமாதம் முதல் தடவை

ஊருக்குப் பணம் அனுப்ப வருகிறவன் ரேட்டைப் பார்ப்பதில்லை, வேறு எதையோ பார்க்கிறான் என்று எனக்கு முதலில் சொன்னவர் ஜமீலா அக்கா. என் சின்ன மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருடம், தீபாவளிக் கூட்டம் வடிந்த மறுவாரம், சிங்கப்பூர் தேக்காவில் பணம் அனுப்பும் கடை ஒன்றின் கௌண்டரில் நான் போய் உட்கார்ந்த முதல் நாள் அது. அக்கா எனக்கு முன்பிருந்தே அங்கே வேலை பார்ப்பவர். "ரேட்டு போர்டை எவனும் படிக்க மாட்டான் மங்களம். நீ தூசி தட்டி வச்சாப் போதும்" என்றார்.

நான் நம்பவில்லை. கப்பல் பட்டறையிலும் கட்டடத்திலும் வெயிலில் வெந்து சம்பாதிக்கிற காசு. ஒவ்வொரு வெள்ளிக்கும், அதாவது டாலருக்கும், எத்தனை ரூபாய் என்று பார்த்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். செகண்டரி இரண்டோடு படிப்பை நிறுத்திய எனக்கே அந்தக் கணக்கு தெரியுமே, அவர்களுக்குத் தெரியாதா என்ன! கிளினிக்கிலோ, மளிகைக் கடையிலோ, கோயில் அர்ச்சனைச் சீட்டுக் கூண்டிலோ உட்கார்ந்து சிரித்துச் சிரித்துத் தாடை வலித்த சகோதரிகளுக்கு இதைப் படிக்கும்போதே சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள். நானும் பிறகு சிரிக்கப் பழகிக்கொண்டேன். காலையில் கடை திறந்ததும் முருகன் படத்துக்கு விளக்கேற்றி, "இன்றைக்கு யாரையும் வாய் திறந்து திட்டாமல் இருக்கப் புத்தி கொடு" என்று கும்பிட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவேன். மனசுக்குள் திட்டுவதைப் பற்றி நான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை.

இரண்டு ஊர் ராகு காலம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் எங்களுக்குக் கூட்டம். ராகு காலமும் அப்போதுதான். கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் ஒரு கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கும். உள்ளே வாருங்கள் என்றால் வராது. ராகு காலம் முடிந்ததும் கோயில் நடை திறந்த மாதிரி எல்லாரும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு வருவார்கள். அதற்குள் தங்குவிடுதிக்குப் போகும் லாரி ஹார்ன் அடிக்கும். பாதிப் பேர் அனுப்பாமலே ஓடுவார்கள். நானும் ராகு காலம் பார்க்கிறவள்தான். பெண் பார்க்கப் போனால் பார்ப்பேன், தாலிக்குப் பொன் உருக்கினால் பார்ப்பேன். கம்ப்யூட்டரில் தட்டினால் போகிற பணத்தை ராகு எந்த மூலையில் நின்று பிடிப்பார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒருவர் என்னிடம் வந்து, "அக்கா, பணம் இங்கேருந்து கிளம்புது, அங்க போய்ச் சேருது. எந்த ஊரு ராகு காலத்தப் பாக்கணும்?" என்று கேட்டார். முகத்தில் துளிச் சிரிப்பு இல்லை. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ரெண்டு ஊருக்கும் பாத்துருங்க தம்பி" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனவர் புதன்கிழமை காலையில், கடை திறக்கிற நேரத்துக்கு வந்து நின்றார். "நீங்க சொன்ன மாதிரியே ரெண்டும் பாத்தேங்க்கா. ஞாயித்துக்கிழமையே முடிஞ்சுபோச்சு. அதான் சம்பளம் போனாப் போவுதுன்னு இன்னைக்கு லீவு போட்டு வந்துட்டேன்."

நேர்மையான மனுஷன்

கேலாங்கில் ஒரு கோப்பிக் கடை. அங்கே ஒரு மூலை மேசையில் ஒருவர் உட்கார்ந்திருப்பாராம். கடையும் கிடையாது, போர்டும் கிடையாது. காசைக் கையில் கொடுத்தால் ஊரில் யாரோ மோட்டார் சைக்கிளில் வந்து வீட்டு வாசலில் ரூபாயாகக் கொடுத்துவிட்டுப் போவாராம். எங்களிடம் வழக்கமாக அனுப்பிக்கொண்டிருந்த பெயின்டர் ஒருவர் திடீரென்று அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். அதற்குச் சட்டம் இடம் கொடுக்காதே, நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள், ரசீதாவது தருகிறாரா என்று நான் ஒரு தாய்க்குரிய கவலையோடுதான் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான்தான் பாவம் செய்தவள்.

"ரசீது கேட்டா அவருக்குக் கோவம் வந்துரும்க்கா. அவ்வளவு நேர்மையான மனுஷன்!"

தெரிந்துகொள்ள வந்தவர்

படிக்காதவர்கள்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். சாங்கி பக்கம் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற தம்பி ஒருவர், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, மதியச் சாப்பாட்டு நேரத்தில் எம்ஆர்டி ரயில் பிடித்து வருவார். எங்கள் போர்டைப் போட்டோ எடுப்பார். பக்கத்துக் கடைப் போர்டை எடுப்பார். இரண்டு கைப்பேசியை வைத்துக்கொண்டு ஏதேதோ தட்டுவார். பின்னால் வரிசை முனகும். கடைசியில் 'தேங்க்ஸ் ஆன்ட்டி' என்று போய்விடுவார். வாரா வாரம் இதே கூத்து. ஜமீலா அக்கா ஒரு நாள் பொறுமை இழந்து, எவ்வளவுதான் அனுப்பப்போகிறீர்கள் சார் என்று கேட்டேவிட்டார்.

"நான் அனுப்புறதே எப்பவாவது ஒரு தடவைதான் ஆன்ட்டி. அப்பாவுக்குப் பென்ஷன் வருது. ஆனா தெரிஞ்சு வச்சுக்கணும்ல?"

குடை

இவர்களெல்லாம் தங்கராசுவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வெல்டர். புதுக்கோட்டைப் பக்கத்து ஊர். தங்கமான பிள்ளை, பெயருக்கேற்ற மாதிரி என்று சொல்லத்தான் ஆசை. முன்பெல்லாம் பணத்தை அண்ணன் கணக்குக்குத்தான் அனுப்பினார். வீடு ஒரே வீடு: அம்மா, அண்ணன் குடும்பம், தங்கராசுவின் மனைவி பூங்கொடி, சின்னப் பெண்குழந்தை. அனுப்பிய பணம் பூங்கொடி கைக்கு வருவதற்குள் தேய்ந்துபோவதைப் பார்த்து, அம்மாவோடு சண்டை போட்டு, மனைவி பெயரில் கணக்குத் திறக்க வைத்தார். அந்தக் கணக்குக்கு முதன்முதலாக அனுப்பிய அன்று கௌண்டரில் குனிந்து, "பேரை ஒரு தடவை படிச்சுக் காட்டுங்கக்கா" என்றார். பூங்கொடி என்று படித்தேன். காது வரைக்கும் சிரித்தார். அன்றைக்கு அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அப்போதுதான் எதிர்வரிசையில் ஒரு கைப்பேசிச் செயலிக்காரர்கள் பலூன் கட்டி மேசை போட்டார்கள். ஒரு பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு, முதல் தடவை அனுப்பினால் கட்டணம் கிடையாது, கூடவே குடை இனாம் என்று கத்திக்கொண்டே இருந்தாள். கைப்பேசியில் அனுப்புவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் பிள்ளைகள் எல்லாவற்றையும் அதில்தான் செய்கிறார்கள். நான் சொல்லவருவது அதைத் தேர்ந்தெடுத்த அழகை. எங்கள் வரிசையில் முக்கால்வாசி நகர்ந்துவிட்ட தங்கராசு, மழை தூறுவதை ஒரு பார்வை பார்த்தார், எதிரே விரிந்த குடையை ஒரு பார்வை பார்த்தார், வரிசையை விட்டு விலகினார்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. முதல் தடவை இலவசம்லா. அடுத்த மாசம் உங்ககிட்டதான்."

ஃபிரஷ்ஷான ஆள்

அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. இனாம் காலண்டர் கொடுக்கிற சமயத்தில் மட்டும் சரியாக வந்து நின்றார். "என்னப்பா, எதிர்க்கடையில சம்பந்தம் பண்ணிட்டியா?" என்று ஜமீலா அக்கா கேட்டார். அப்போதுதான் அவர் தன் ராஜதந்திரத்தை விளக்கினார். அந்தச் செயலியில் ஓர் ஆளுக்கு ஒரு முறைதான் இலவசம். இவருடைய முறை முடிந்துவிட்டது. ஆனால் அறையில் மைக்கேல் இருக்கிறான், அவன் இன்னும் அந்தச் செயலியைத் தொட்டதில்லை. காசை மைக்கேல் கையில் கொடுத்தால், மைக்கேல் தன் பெயரில் பூங்கொடிக்கு அனுப்பிவிடுவான். மறுமாதம் சிவா. அதற்கடுத்து ரஹீம். "நம்ம ரூம்ல இன்னும் ரெண்டு பேரு ஃபிரஷ்ஷா இருக்காங்கக்கா. அதுக்குள்ள ஊர்லேருந்து புது ஆளு வந்துருவான்" என்றார், ஆட்டுச் சந்தையில் நிற்கிற மாதிரி.

எங்கள் கடையில் ஆளும் அடையாள அட்டையும் ஒத்துப்போனால்தான் பணம் நகரும். அங்கேயும் அதுதான் விதியாக இருக்கும். அடுத்தவன் பெயரில் அனுப்புவது வில்லங்கம் தம்பி என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. "ஒரு பிளேட்டு மீ கோரெங் நூடுல்ஸ் காசு. அதை மிச்சம் பிடிக்க இத்தனை பேர்கிட்ட போய்ப் பல்லை இளிக்கணுமா?" என்று ஜமீலா அக்கா கேட்டார். தங்கராசுவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சும்மா ஒண்ணும் இளிக்கலக்கா! அனுப்பிக் குடுக்குறவனுக்கு அன்னைக்கே ஒரு பிளேட்டு மீ கோரெங் வாங்கிக் குடுத்துருவேன். நான் யாருக்கும் கடன் வைக்குற ஆளு இல்ல."

செய்தி போன இடம்

பூங்கொடிக்குக் கணக்குத் திறந்த நாளில் அவளிடம் கைப்பேசி கிடையாது. கூட்டிக்கொண்டு போனவர் அண்ணன்தான். வங்கியில் நம்பர் கேட்டிருக்கிறார்கள். அவர் தன் நம்பரைக் கொடுத்திருக்கிறார். கணக்கு மனைவி பெயரில் இருந்தால் போதும் என்று தங்கராசுவும் விட்டுவிட்டார். நம் ஆட்கள் செய்கிற வேலை இது: பூட்டை மாற்றுவார்கள், சாவியைப் பழைய ஆளிடமே விட்டுவைப்பார்கள். அந்த வங்கிக்காரர்கள் இருக்கிறார்களே, பணம் சேர்ந்ததும் இன்னார் உங்களுக்குப் பணம் அனுப்பியிருக்கிறார் என்று வெட்கமில்லாமல் ஒரு செய்தியும் அனுப்புவார்களாம். அந்தச் செய்தி மாதாமாதம் அண்ணன் சட்டைப் பைக்குள் போய் விழுந்துகொண்டிருந்தது. இந்த மாதம் மைக்கேல். அடுத்த மாதம் சிவா. பிறகு ரஹீம்.

தம்பியை அழைத்து இது என்னடா என்று கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் கேட்கவில்லை. பால் ஊற்றுகிற இடத்தில் கேட்டார், டீக்கடையில் கேட்டார், கோயில் வாசலில் நாலு பேரை நிறுத்திவைத்துப் படித்தும் காட்டினார். ஊர் முழுக்கப் பரவிய பிறகு கடைசியாகத்தான் அம்மாவிடம் சொன்னார். பூங்கொடி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. போ என்று சொன்னார்களா, இவளே கிளம்பினாளா என்பதற்கு ஆளுக்கொரு கதை. தங்கராசு வேலை பாதியில், தொப்பியோடும் பூட்ஸோடும் கடைக்கு ஓடிவந்து, அம்மா அனுப்பிய குரல் பதிவை எங்கள் காதருகே பிடித்தார்.

"உன் பொண்டாட்டிக்கு மாசம் ஒருத்தன் பணம் அனுப்புறான்டா. நீ அங்க என்னத்தடா பண்ணிக்கிட்டு இருக்க?"

சாட்சி

உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். சொன்னார். அதுதான் வினையாகப் போனது. உண்மை அவ்வளவு மட்டமாக இருந்ததால் ஒருவரும் நம்பவில்லை. மீ கோரெங் காசுக்காக ஓர் ஆண்பிள்ளை தன் பெயரை ஒளித்துக்கொண்டு ஊரான் பெயரில் பெண்டாட்டிக்குப் பணம் அனுப்புவானா? அவமானத்தை மறைக்கத் தம்பி கதை கட்டுகிறான், இனி அவள் கணக்கை மூடிவிட்டு என் கணக்குக்கே போடட்டும் என்றாராம் அண்ணன். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் அவர் இத்தனை நாளும் டீக்கடை டீக்கடையாக அலைந்தார் என்பது எனக்குப் புரிந்தது. தங்கராசுவுக்குப் புரிந்ததா என்றால், அவர் அப்போதும் "அண்ணன் நல்லதுக்குத்தான் சொல்லுது" என்றார். முருகா, நீதான் எனக்கு அன்றைக்கும் வாயைக் கட்டினாய்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. கோயில் குளம்னு இருக்குற ஆளு, உங்க மூஞ்சியப் பாத்தா நம்புவாங்க" என்று அம்மாவுக்கு வீடியோவைப் போட்டு என் கையில் திணித்தார். நெற்றி நிறையத் திருநீறும் குங்குமமுமாக நான் வணக்கம் சொன்னேன். உங்கள் பிள்ளை எங்களிடம்தான் முன்பெல்லாம் அனுப்புவார், நல்ல பிள்ளை, எனக்கு அவரை நன்றாகத் தெரியும் என்று ஆரம்பித்தேன். திரையில் இருந்த அம்மா என்னை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி மகனிடம் பேசினார்.

"அவ போதாதுன்னு நீ வேறயாடா? இந்த வயசுலயா ஒருத்தியப் பாத்த?"

ஜமீலா அக்கா மேசைக்குக் கீழே குனிந்து எதையோ தேடுகிற மாதிரி சிரித்தார். அவர் தலை நிமிர வெகுநேரம் ஆயிற்று. என் கணவரிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

அணிவகுப்பு

அடுத்த ஞாயிறு தங்கராசுவுக்கு இன்னொரு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வரும்போதெல்லாம் யாராவது அவரைப் பிடித்துக் கட்டிப்போட்டால் நல்லது. செய்தியில் பெயர் வந்த ஆட்களையெல்லாம் குளிக்கவைத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு எங்கள் கடை வாசல் அஞ்சடியில் வரிசையாக நிறுத்தினார். அண்ணனுக்கு வீடியோ போட்டார். ஒவ்வொருவராக முன்னால் வந்து தன் பெயரைச் சொல்லி, அந்தப் பணம் தங்கராசு அண்ணனுடையது, எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல வேண்டும். தங்கராசு பக்கத்தில் நின்று, பள்ளிக்கூட ஆண்டு விழா வாத்தியார் மாதிரி கண்ணால் ஜாடை காட்டினார்.

மைக்கேல் முதலில் வந்தான். பாவம், பயத்தில் பாடம் மறந்துபோயிற்று. "அண்ணே, சத்தியமா அந்த அக்காவ நான் பாத்ததே இல்லண்ணே" என்றான். அடுத்து வந்த சிவாவுக்கு அதுதான் சரியான பதில் என்று பட்டிருக்க வேண்டும். "நானும் பாத்ததே இல்லண்ணே" என்றான். ரஹீம் ஒரு படி மேலே போய், "எனக்கு அவங்க பேரே அன்னைக்குத்தான் தெரியும்" என்றான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணன் நிதானமாகக் கேட்டார், பக்கத்தில் இன்னும் நாலு பேர் உட்கார்ந்திருப்பது குரலிலேயே தெரிந்தது.

"பாத்ததே இல்லாத பொம்பளைக்கு, பேரே தெரியாத பொம்பளைக்கு, எதுக்குடா பணம் அனுப்புனீங்க?"

பெயர் மாற்றச் சொன்ன அன்று

அதற்குப் பிறகு தங்கராசு சோர்ந்துவிட்டார். சம்பளம் வாங்கிய கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வரிசையில் வந்து நின்றார். எதிர்வரிசையில் பலூன்கள் அப்படியேதான் ஆடிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் திரும்பவில்லை. தன்னுடைய அட்டையை எடுத்து நீட்டினார். என் பேர்லயே அனுப்புங்கக்கா என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்த வார்த்தையிலேயே, "அண்ணன் கணக்குக்குப் போட்ருங்க. கொஞ்ச நாளைக்குத்தான். வீட்டுல சத்தம் அடங்கட்டும்" என்றார்.

அவர் பணம், அவர் விருப்பம். கௌண்டரில் இருக்கிறவள் தட்டச் சொன்னதைத் தட்ட வேண்டும். ஆனாலும் என் விரல் நகரவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அந்தப் பெண்ணுக்காகத் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்குப் போட்டிருந்தேன், முகம்கூடத் தெரியாத பெண்ணுக்கு. "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய் தம்பி" என்றேன். "அவ போன எடுத்தாத்தானே" என்றார். "நீ அடிச்சியா?" என்று ஜமீலா அக்கா கேட்டார். தங்கராசு தலையைச் சொறிந்தார். அம்மாவுக்கு அடித்தார், அண்ணனுக்கு அடித்தார், அணிவகுப்பு நடத்தினார். கட்டின மனைவியை மட்டும் அழைக்கவில்லை, என்ன சொல்வாளோ என்று பயம். "இப்ப அடி. வரிசை நிக்கட்டும், நான் பாத்துக்குறேன்" என்றார் அக்கா.

ஸ்பீக்கரில்தான் பேசினார், தனியாகப் பேசத் தைரியம் இல்லை. என் பெயரில்தான் அனுப்புகிறேன், இந்த மாதம் மட்டும் அண்ணன் கணக்குக்குப் போடுகிறேன் என்றார். அந்தப் பக்கம் குழந்தை ஏதோ கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தது. பிறகு பூங்கொடி பேசினாள். அழவில்லை, கத்தவில்லை.

"போடுங்க. எனக்குப் பணம் வேணாம், தையல் மெஷின் இருக்கு, நான் பாத்துக்குறேன். ஆனா ஒண்ணு. இத்தனை மாசம் கண்டவன் பேர்ல வந்துச்சு. இப்பத்தான் உங்க பேர்ல அனுப்பப் போறீங்க, அதையும் எனக்கு அனுப்பலன்னா, ஊரு சொன்னது நெசம்னு நீங்களே தண்டோரா போட்ட மாதிரி. அதுக்கப்புறம் நான் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். யோசிச்சுக்குங்க."

தங்கராசு என்னைப் பார்த்தார். நான் முருகன் படத்தைப் பார்த்தேன். வரிசையில் நின்ற ஒருவர்கூட முனகவில்லை. எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். "செய்தி அண்ணன் போனுக்குத்தானே போவும்" என்று இழுத்தார் தங்கராசு. அவள் உடனே சொன்னாள்: "வெள்ளிக்கிழமையே பேங்குக்குப் போயிட்டு வந்துட்டேன். என் நம்பர மாத்தியாச்சு. யார் பேரு வருதுன்னு இனிமே நானே படிச்சுக்குறேன்."

"பூங்கொடி பேருக்கே போடுங்கக்கா" என்றார். கட்டணம் எவ்வளவு என்று சொன்னேன். முணுமுணுக்காமல் எடுத்துவைத்தார். தட்டினேன். போனை வைக்காமலே காத்திருந்தார், அவளும் வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் டிங் என்று சத்தம் கேட்டது. அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி மெல்லப் படித்தாள். அந்தப் பெண் விட்டுக்கொடுக்கவில்லை.

"தங்கராசுன்னு யாரோ ஒருத்தர் அனுப்பியிருக்காரு. தெரிஞ்ச ஆளா?"

கடையே சிரித்தது. தங்கராசு சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுதாரா, வேர்வையா என்று நான் பார்க்கவில்லை. லீவு கிடைத்து ஊருக்குப் போனபோது அவரே மாமியார் வீட்டுக்குப் போய் மனைவியையும் பிள்ளையையும் அழைத்துவந்தாராம், டீக்கடை வழியாக, பகல் வெளிச்சத்தில், நடந்தே. அண்ணன் அன்றிலிருந்து அவளோடு பேசுவதில்லை, அதை ஒரு குறையாக அவள் நினைக்கவில்லை என்று தங்கராசு சொன்னார்.

ரேட்டைப் பாருங்கள், ராகு காலத்தைப் பாருங்கள், குடையைப் பாருங்கள், கோப்பிக் கடை மூலையைக்கூடப் பார்த்துத் தொலையுங்கள், இந்த ஜனம் எதைப் பார்த்து எதை அனுப்பும் என்று அந்த முருகனுக்கே தெரியாது. ஆனால் இதைப் படிக்கிற தம்பிமார்களே, இன்று ராத்திரி வீட்டுக்குப் பேசும்போது, பணம் வந்த செய்தி யார் போனுக்கு வருகிறது என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.